ஓட்டை அடைக்கிற அண்ணை

சிலர் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் சாமிப் படத்தைப் பார்ப்பார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டி எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். அண்ணை ஓட்டையைப் பார்ப்பார். டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்கிற ஊரில் நாங்கள் குடிவந்த முதல் வாரமே, கீழ்வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு படியேறி வந்தவர், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி உள்ளங்கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது முழங்காலில் நின்று கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உங்கட வீடு முழுக்க ஓட்டை. கொஞ்சம் பழந்துணி இருந்தா எடுங்கோ" என்றார்.

அகதியாக வந்து இறங்கி, கைக்குழந்தையோடு ஒரு வீடு கிடைத்ததே பெரிய காரியம் என்று இருந்தவள் நான். வந்த வேகத்தில் ஒருவர் வீட்டைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் துணியைக் கொடுத்தேன். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க இருந்து, துணியும் பஞ்சும் ஒட்டுநாடாவுமாக எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டுத்தான் அந்த மனிதர் படியிறங்கினார். அந்தக் குளிர்காலம் என் பிள்ளை நெஞ்சுச் சளியில்லாமல் கிடந்ததென்றால் அதற்கு அவர்தான் காரணம். அதை எங்கே வைத்துக் கேட்டாலும் சொல்லுவேன்.

அவருக்கு அப்போது நாற்பதுக்குக் கிட்ட வயதிருக்கும். வடமராட்சிப் பக்கத்து ஆள். நெடுப்பம், தோள் கொஞ்சம் முன்னுக்கு வளைந்திருக்கும். இவரோடு, அதாவது என் மனுசனோடு, இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. பேர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அண்ணை என்றால் ரண்டர்ஸ் தமிழ்ச் சனத்துக்குள் அவர் ஒருவர்தான் என்பதுபோல.

வெளியே போனால் மேலங்கியின் சிப்பை மூக்குவரை இழுத்துவிட்டிருப்பார். கோடையிலும் அப்படித்தான். மீன் பொரிக்கிற நாளில் சமையலறைக் கதவின் அடியில் ஈரத் துவாயைச் சுருட்டி வைப்பார். மணம் படிக்கட்டுக்குப் போனால் வெள்ளைக்காரச் சனம் முறைப்பாடு சொல்லும் என்ற பயம். சீனிப் போத்தலுக்கு மூடி போட்டு, அதற்கு மேல் பொலித்தீன் கட்டி, அதற்கு மேல் ரப்பர் வளையம் போடுவார். டென்மார்க்கில் எறும்பு ஏது என்று நான் கேட்டால், "விட்ட இடைவெளிக்குள்ளாலதான் தங்கச்சி எல்லாம் வாறது" என்பார். அதுதான் அவருடைய வேதவாக்கு. நல்லதுக்கும் சொல்லுவார், கெட்டதுக்கும் சொல்லுவார்.

ஒருமுறை குளியலறைச் சுவரில் காற்றுப் போக வைத்திருந்த துவாரத்தைச் சீமெந்து போட்டு அடைத்துவிட்டார். தனது வீட்டில் அடைத்தது போதாதென்று எங்கள் வீட்டிலும் வந்து அடைத்தார். மாசம் திரும்ப முதல் சுவரெல்லாம் பச்சைப் பூஞ்சணம். வீட்டுச் சொந்தக்காரன் வந்து பார்த்துவிட்டு, வீடு மூச்சுவிட வேண்டும், இல்லாவிட்டால் நோய் பிடிக்கும் என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினான். அண்ணை எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். அவன் போனதும் என்னிடம் திரும்பி, "இவனுக்குக் குளிரெண்டா என்னெண்டு தெரியுமே? இவன் குளிருக்கயே பிறந்தவன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எங்கள் தெரு ஆற்றுக்குப் பக்கத்தில், ஊரின் தாழ்ந்த மூலையில் இருந்தது. பழைய செங்கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஒரு கெல்டர் இருக்கும், அதாவது நிலத்துக்குக் கீழே ஓர் அறை. அதன் சின்ன ஜன்னல் மட்டும் தெரு மட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் இப்படியொன்றை நாங்கள் கண்டதில்லை. ஆறும் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த வெள்ளம் மாரி மழைக்கு ஒழுங்கையில் நிற்கிற வெள்ளம். வாசலில் மண்ணை வெட்டி ஒரு வரம்பு கட்டினால் உள்ளே வராது; மழை விட்டால் நிலம் குடித்துவிடும். அந்த அறிவோடுதான் நாங்கள் ஆற்றங்கரையில் குடியேறினோம்.

கீழ்வீட்டுக்கு உரிய கெல்டர் அண்ணையுடையது. மனுசியையும் மகளையும் ஊரிலிருந்து கூப்பிடுவதற்கு அவர் கொம்யூனில், அதாவது ஊர் நகரசபையில், மனுக் கொடுத்திருந்தார். அவர்கள் வருவதற்கு முன் வீட்டை ஒழுங்காக்கி வைக்க வேண்டும், வந்து பார்க்கிற அதிகாரி வீடு சரியில்லை என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு ஒரே யோசனை. கெல்டருக்கு வெள்ளை அடித்தார். நிலத்துக்குக் கம்பளம் விரித்தார். பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி ஒரு சின்னக் கட்டில், ஒரு சிவப்புச் சைக்கிள், மனுசிக்கு ஒரு தையல் மெசின் என்று கொண்டுவந்து இறக்கினார். பிள்ளை அங்கே இருந்து படிக்கும், விளையாடும் என்பார். மகள் எப்படி இருப்பாள் என்று கேட்டால் மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் புறப்பட்டபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பக்கத்து வீட்டில் இங்கர் என்றொரு வயதான டேனிஷ் பெண் தனியாக இருந்தாள். சுருட்டுப் பிடிப்பாள். எங்கள் ஊரிலும் வயதான பெண்கள் சுருட்டுப் பிடிப்பார்கள் என்றபடியால் எனக்கு அவளைக் கண்ட உடனே பிடித்துவிட்டது. அவள் ஒருநாள் அண்ணையின் கெல்டரை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் வரும், கம்பளமெல்லாம் போடாதே என்று சொல்லியிருக்கிறாள். தன்னுடைய கெல்டருக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். நானும் பிறகு பார்த்தேன். வெறும் சுவர், வெறும் நிலம். ஏணி, வாளி, கதிரை எல்லாம் கூரை மரத்தில் கொக்கியில் தொங்கின. மின்சாரப் பெட்டியைப் படிக்கட்டின் மேல் முனைக்கு மாற்றிவைத்திருந்தாள். தண்ணீர் வந்தால் வரும், போனால் குழாயைப் பிடித்துக் கழுவிவிடுவேன் என்றாள்.

அண்ணைக்கு அது அடுக்கவில்லை. "வாறதை வா எண்டு கூப்பிட்டு இருத்தி வச்சிருக்குது மனுசி" என்றார். "உப்பிடியும் ஒரு சீவியமோ?"

அன்று தொடங்கியவர்தான். கெல்டர் ஜன்னலைச் செங்கல் வைத்துக் கட்டினார். நிலத்தின் நடுவில் தண்ணீர் போகவென்று இருந்த வாயைச் சீமெந்தால் மூடினார். பின்வளவுக்குத் திறக்கிற கெல்டர்க் கதவுக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, தடித்த பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிப் பூட்டுகிற மாதிரிச் செய்தார். இடைவெளிக்குத் தாரும் கயிறும். செய்த வேலையைப் பார்த்தால் கண் படும், அவ்வளவு திருத்தம்.

இவ்வளவு தூரம் சொன்னபிறகு அந்தத் தொலைபேசிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அண்ணைக்கு ஒரு தம்பி இருந்தான். இளந்தாரி. அண்ணை வெளிக்கிட்ட பிறகு மனுசிக்கும் பிள்ளைக்கும் துணையாக அந்த வீட்டில் இருந்தவன் அவன்தான். ஒரு விடியற்காலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகத் தட்டி, பெடியளைப் பிடித்துக்கொண்டு போனது. அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறானா என்று ஒரு தகவலும் இல்லை.

செய்தி கிடைத்ததும் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்துதான் தொலைபேசி எடுத்தார். அவர் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. நேரம் சொல்லிவைத்து, மனுசி பட்டணத்தில் ஒரு கடைக்கு வந்து நின்றிருந்தாள். நான் குசினிக்குள் போய் நின்றேன். இருந்தாலும் காது கேட்கும்தானே. அவர் அழுவார், அவள் அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஆர் கதவைத் திறந்தது?"

அந்தப் பக்கம் என்ன சொன்னதோ தெரியாது.

"நீயோ?" என்றார். வைத்துவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணை, துவக்கோட வந்து தட்டினா உங்கட மனுசி என்ன செய்யிறது? நீங்கள் நிண்டிருந்தா என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன்.

"திறந்திருக்க மாட்டன்" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

"உடைச்சுக்கொண்டு வந்திருப்பாங்கள்."

"உடைக்கட்டும். உடைக்கிற நேரத்துக்குள்ள அவன் பின்னால மதிலேறி ஓடியிருப்பான். அவள் திறந்துவிட்டவள்."

அதற்குப் பிறகு மனுசியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய் ஜன்னலைத் தடவத் தொடங்கிவிடுவார். அவளைக் கூப்பிடுகிற வேலைகள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைக்காகத்தான் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். வந்தபிறகு அந்தப் பெண்ணோடு அண்ணை எப்படி ஒரு வீட்டுக்குள் இருக்கப்போகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஓட்டை அடைக்கிற மனிதனுக்குள் ஒரு ஓட்டை விழுந்தால் அதை யார் அடைப்பது?

ஆனால் அவரிடம் ஒரு வசியம் இருந்ததை மறுக்க முடியாது. தனது வீடு முடிந்ததும் தெருவைப் பிடித்தார். ஒரு வீட்டை மட்டும் அடைத்துப் பிரயோசனமில்லை, தெருவே சேர்ந்து அடைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆம்பிளைகள் எல்லோரும் வந்து மண் மூட்டை கட்டினார்கள். முதலில் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சனமும் மெல்ல மெல்ல வாளியோடு, மண்வெட்டியோடு இறங்கி வந்தது. நான் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன், அவர்கள் பியர் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு வாய் நிறைய டேனிஷ் வராது, அவர்களுக்குத் தமிழ் அறவே வராது. ஆனாலும் தெரு முழுக்க ஒரே சத்தம். அகதி என்று ஒதுங்கிப் போனவர்கள் அந்த ஞாயிறுகளில்தான் எங்கள் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இங்கர் மட்டும் மூட்டை கட்ட வரவில்லை. வாசலில் கதிரை போட்டுச் சுருட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"வெள்ளம் வருமுன் அணை கட்டவேணும் எண்டு எங்கட ஆக்கள் சும்மாவே சொன்னவை?" என்று அண்ணை எல்லோருக்கும் சொல்லுவார். டேனிஷ்காரருக்கும் தமிழிலேயே சொல்லுவார்.

வெள்ளம் வந்த அன்று மழையே இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. முதல்நாள் தொடங்கி வடக்கிலிருந்து பேய்க்காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மழையில்லாமல் வெள்ளம் எங்கே வருவது என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் இருந்தோம். மத்தியானம்போல இங்கர் வந்து, ஆறு பின்பக்கமாக ஓடுகிறது என்றாள். எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணையும் இவரும் பாலத்தடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மெய்தான். கடலின் கையொன்று உள்ளே நீண்டு எங்கள் ஊர்வரை வருகிறது. காற்று அந்தக் கடலை நெட்டித் தள்ள, ஆறு போக வழியில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அண்ணை அன்று ஒரு தளபதி. பலகைகளை இறக்கினார். தாரைப் பூசினார். மூட்டைகளை எங்கே அடுக்குவது, யார் வீட்டுக்கு யார் போவது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நடந்தது. தண்ணீர் தெருவுக்கு ஏறி, பின்வளவுகளுக்குள் புகுந்து, முழங்காலுக்கு வந்து, அதற்கு மேலும் வந்தது. எங்கள் வாசற்படிகள் உயரம் என்றபடியால் மேலே பயமில்லை. கெல்டருக்குள் அண்ணை விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கோ! ஒரு சொட்டு இருக்குதே?"

உண்மையில் ஒரு சொட்டு இல்லை. கதவுக்கு வெளியே பலகையின் மேல் விளிம்புவரை தண்ணீர் நிற்கிறது, உள்ளே கம்பளம் காய்ந்த புல்லாகக் கிடக்கிறது. எல்லோரும் கைதட்டினோம். அண்ணை சிரித்தார். வாய் விட்டு அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான். மனிதர் இப்படியும் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டா இவ்வளவு காலமும் இருந்தார் என்று மனசுக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

முதலில் கட்டில்தான் அசைந்தது. யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்தோம். பிறகு கம்பளத்துக்கு அடியில் சத்தம் கேட்டது. நிலம் நடுவில் மெல்ல மெல்ல வீங்கியது. அண்ணை அடைத்துவைத்த அந்தச் சீமெந்து வாயைச் சுற்றி ஒரு வெடிப்பு ஓடி, சுவர்வரைக்கும் போனது. ஆற்றுப்பக்கச் சுவர் வயிறு தள்ளியிருந்தது. கல்லுக்கு இடையிலிருந்து தூள் கொட்டியது.

இங்கர் நீளச் சப்பாத்தோடு எங்களோடு இறங்கி வந்திருந்தாள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சுவரில் இருந்த பெட்டியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, படியேறிப் போய்க் கைவிளக்கோடு திரும்பி வந்தாள். "திறந்து விடு. தண்ணீர் உள்ளே வரட்டும்" என்று அண்ணையிடம் சொன்னாள். "உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு நின்றால் சுவர் நிற்கும். இல்லாவிட்டால் சுவர் விழும். சுவர் விழுந்தால் வீடு."

அந்தளவு டேனிஷ் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அண்ணைக்கும் விளங்கியது. அவர் போய்ப் பலகைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ. நான் திறக்கமாட்டன்."

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ" என்றார் இவர்.

"கொஞ்ச நேரம் பொறுங்கோ. காத்து விழுந்தா இறங்கிப்போடும். இவ்வளவும் தாங்கினது இனியும் தாங்கும்."

ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். தமிழில் சொன்னார்கள், டேனிஷில் சொன்னார்கள். திறவுங்கோ, திறவுங்கோ என்று அந்தச் சின்ன அறை முழுக்கச் சத்தம். மேலே என் பிள்ளை நித்திரை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் தெருவெல்லாம் தண்ணீர். எனக்குப் பயத்தில் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அண்ணை, ஊரில கிணறு வெட்டேக்க தண்ணி வாசலாலயே வந்தது? அடியாலதானே வந்தது? இதும் கிணறுதான். இவங்கள் கிணத்தை வெட்டி, வெள்ளை அடிச்சு, அதுக்க குந்தியிருக்கிறாங்கள். நீங்கள் வாசலை அடைச்சா ஊத்து நிக்குமே? என்ர பிள்ளை மேல கிடக்குது, அண்ணை!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீங்கிக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். சின்ன வயதில் கிணற்றுக்குள் இறங்கி வெட்டாத ஆம்பிளை எங்கள் பக்கத்தில் இல்லை. அடியில் ஊற்றுக்கண் திறக்கிறபோது மண் எப்படி நெளியும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"சாமான் எல்லாம் பிள்ளைக்கு" என்றார்.

இவர் தையல் மெசினைத் தூக்கப் போனார். "விடுங்கோ. எல்லாரும் படிக்கு ஏறுங்கோ" என்றார் அண்ணை. நாங்கள் ஏறிய பிறகு திரும்பி, தானே மேல் பலகையைப் பிடித்து இழுத்தார். தாரும் கயிறும் இறுகிப்போய் அது லேசில் வரவில்லை. வந்ததும் தண்ணீர் அவருடைய நெஞ்சிலே அடித்தது. அடுத்த பலகையையும் இழுத்தார். கம்பளம் மிதந்தது. கட்டில் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் போய் நின்றது. சைக்கிள் தண்ணீருக்குள் தாண்டுபோனது. நிலத்துக்கடியில் கேட்ட சத்தம் நின்றுவிட்டது. ஐஸ் தண்ணீர், இடுப்புக்கு மேலே நிற்கிறது, அந்த மனிதர் வெளியே வராமல் அதற்குள் நின்று அழுதார். பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கண்டதில்லை. அது சாமானுக்கான அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன். இவர்தான் இறங்கிப் போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வீடு நின்றது. கொம்யூனிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து, இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் வடிந்தபிறகு தெரு தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. கெல்டரில் ஒருவரும் ஒன்றும் நிலத்தில் வைப்பதில்லை. எல்லாம் கொக்கியில். மின்சாரப் பெட்டிகள் மேலே போயின. காற்று வடக்குக்குத் திரும்பினால் யார் யார் கதவை யார் போய்த் தட்டுவது என்று பேசிவைத்துக்கொண்டோம். மூட்டைகளை எறியவில்லை, வாசலுக்கு மட்டும் வைத்தோம். இங்கர் நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மை எங்கள் சனத்திடம் இருக்குமோ என்னவோ.

அண்ணை தன் கெல்டர் நிலத்தை உடைத்து, பம்ப் வைக்க ஒரு குழி வெட்டினார். "அண்ணை இப்ப ஓட்டை போடவும் தொடங்கிட்டார்" என்று நான் பகிடி விட்டேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் திறக்காமல் நிண்டிருந்தா?"

"அதை ஏன் இப்ப?"

"இல்லை, கேக்கிறன்."

"எல்லாரும் முடிஞ்சிருப்பம்" என்றேன். பிறகு வாய் சும்மா இராமல், "இதை என்னட்டைக் கேட்டு என்ன அண்ணை? கேக்கவேண்டிய ஆள் வருகுதுதானே" என்றும் சொன்னேன். அவர் குனிந்து மறுபடியும் வெட்டத் தொடங்கினார்.

பனி உருகிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள். மனுசி நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தாள். நடந்தால் சத்தம் கேட்காது. மகள் தகப்பனைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அண்ணை அவர்களோடு மரியாதையாகத்தான் இருந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார், சப்பாத்துக் கட்டிவிடுவார், அதற்கு மேல் கதை இல்லை. தம்பியின் பேரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இரண்டு பேர் அவ்வளவு தூரத்தில் இருக்க முடியும் என்று நான் அங்கேதான் கண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, உடுப்புக் காயப்போட இடம் காட்டுகிறேன் என்று அவளை நான்தான் கெல்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை அங்கே பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எத்தனை தரம் பூசியும் மறையாத கோடு. அவள் அதைப் பார்த்து, இது என்ன என்று என்னிடம்தான் கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் அண்ணை எழுந்தார்.

அவர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். ஆறு திரும்பி ஓடியதை, எல்லோரும் கைதட்டியதை, நிலம் வீங்கியதை, தான் பலகைக்கு முதுகு கொடுத்து நின்றதை, எல்லோரும் திற திற என்று கத்தியதை. அவ்வளவு சொல் அவரிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்தது.

"திறக்காட்டி வீடு விழுந்திருக்கும். மேல பச்சைப் பிள்ளை. எனக்கு வேற வழி இருக்கேல்லை. நான்தான் என்ர கையால திறந்துவிட்டனான்" என்று முடித்துவிட்டு, மனுசியின் முகத்தைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஈர உடுப்பை வாளிக்குள் வைத்துவிட்டு, அந்தக் கோட்டில் விரலை வைத்தாள்.

"உங்களைச் சுத்தி இவ்வளவு சனம் நிண்டு, திறவுங்கோ எண்டு சொல்லியிருக்கு" என்றாள். "நான் தனிய நிண்டு திறந்தனான்."